ஜெட் ஸ்கிக்கு பிரேக் இருக்கா? படகில் கால் வைக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய விதிகள்

கோடை விடுமுறை, பொங்கல், தொடர் லீவு... எது வந்தாலும் முட்டுக்காடு, ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல் படகு குழாம்களில் நிற்க இடம் இருக்காது. கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தவர்கள் கோவா, துபாய் என்று போய் ஜெட் ஸ்கியிலும் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வருகிறார்கள். டிக்கெட் எவ்வளவு என்று விசாரிக்கிறோம். எத்தனை நிமிஷம் என்று கேட்கிறோம். போட்டோ எடுக்கலாமா என்றுகூட கேட்கிறோம். இந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பதை மட்டும் கேட்பதில்லை.

பஸ்ஸில் கூட்டம் அதிகமானால் கால் வலிக்கும், படியில் தொங்க வேண்டியிருக்கும். படகில் கூட்டம் அதிகமானால் என்ன ஆகும் என்பதை நாம் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டோம். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் தமிழ்நாட்டில் இருந்து போனவர்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காடு ஏரியில் சென்னைக் குடும்பங்கள் போன படகு கவிழ்ந்து 22 பேர் பலி. 2023 மே 7-ல் கேரளாவின் தானூரில் மீண்டும் 22 பேர். 2024 ஜனவரி 18-ல் குஜராத்தின் வதோதரா நகருக்குள்ளேயே இருக்கும் ஹர்ணி ஏரியில், பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும். அதே ஆண்டு டிசம்பர் 18-ல் மும்பையில் எலிபெண்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் படகு மீது, என்ஜின் சோதனையில் இருந்த கடற்படையின் வேகப் படகு மோதி, ஒரு டஜனுக்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

இதில் புயலோ சூறாவளியோ எதற்கும் காரணம் இல்லை. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நடந்தவையும் இதில் உண்டு.

தேக்கடியில் நடந்தது என்ன?

'ஜலகன்யகா' என்ற அந்த இரண்டு அடுக்குப் படகில் போனவர்கள், கரையில் காட்டு விலங்குகளைப் பார்த்ததும் ஒரே பக்கமாக எழுந்து போனதாக அப்போது தகவல்கள் வந்தன. யானையையோ காட்டெருமையையோ பார்க்கத்தானே தேக்கடிக்குப் போகிறோம்? பார்த்ததும் எழுந்து நிற்பது இயல்பு. ஆனால் படகுக்கு அது எப்படி இருக்கும் என்று ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவர் சராசரியாக 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், 60 பேர் எழுந்து ஒரு பக்கம் போவது 3,600 கிலோ. நான்கு சின்ன கார்கள் ஒரே நேரத்தில் படகின் ஒரு ஓரத்துக்கு உருண்டு போன மாதிரி.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை வீட்டில் இருந்தால் அதைத் தட்டிப் பாருங்கள். எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நிற்கும். காரணம், எடை முழுக்க அடியில் இருக்கிறது. நன்றாகக் கட்டிய படகும் அப்படித்தான். ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கம் தண்ணீருக்குள் கூடுதலாக இறங்கும். தண்ணீர் அதை மேலே தள்ளி நேராக்கிவிடும். இப்போது அதே பொம்மையின் தலையில் ஒரு கல்லைக் கட்டுங்கள். சாய்த்தால் திரும்பி வராது, அப்படியே படுத்துவிடும். மேல் தளத்தில் ஆட்களை ஏற்றுவது, எழுந்து நின்று செல்ஃபி எடுப்பது, கூரையில் உட்காருவது எல்லாமே பொம்மையின் தலையில் கல் கட்டுகிற வேலைதான்.

கூடவே இன்னொன்றும் நடக்கும். ஆட்கள் அதிகமானால் படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள உயரம் குறையும். லேசாகச் சாய்ந்தாலே தண்ணீர் உள்ளே வரும். வந்த தண்ணீர் சாய்ந்த பக்கத்துக்கே ஓடும், சாய்வு இன்னும் கூடும். இது தொடங்கினால் யாராலும் நிறுத்த முடியாது. 'எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க' என்று கத்தி முடிப்பதற்குள் படகு கவிழ்ந்திருக்கும்.

தானூர் படகு இன்னும் மோசமான கதை. மீன்பிடிக்கக் கட்டப்பட்ட படகை மாற்றி, மேலே ஒரு தளம் வைத்து, சுற்றுலாப் படகாக்கியிருந்தார்கள். ஏற்ற வேண்டிய அளவைவிட அதிகமானோர் இருந்தார்கள். இருட்டத் தொடங்கிய நேரம். இறந்தவர்களில் குழந்தைகளே அதிகம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அந்த விபத்துக்கு 12 நாட்களுக்கு முன்புதான், 2023 ஏப்ரல் 25-ல், அதே கேரளாவில் கொச்சி வாட்டர் மெட்ரோவை பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். பேட்டரியில் ஓடும் நவீன படகுகள், மெட்ரோ ரயில் மாதிரியே கேட், டிக்கெட். ஒரே மாநிலத்தில், ஒரே மாதத்துக்குள், எண்ணி ஏற்றும் படகும் இருந்தது, எண்ணாமல் ஏற்றிய படகும் இருந்தது.

அப்போ சட்டம் இல்லையா?

இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்து 1917-ம் ஆண்டு சட்டத்தை எடுத்துவிட்டு, 2021-ல் உள்நாட்டுக் கலன்கள் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆறு, ஏரி, கால்வாய், காயல் போன்ற உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் என்ஜின் படகுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தும். கடல் என்றால் விதிகள் வேறு.

பைக்கோடு ஒப்பிட்டால் புரிந்துகொள்வது சுலபம். பைக்குக்கு ஆர்.சி. புக் மாதிரி படகுக்குப் பதிவுச் சான்றிதழ். எஃப்.சி. மாதிரி சர்வே சான்றிதழ், அதாவது சர்வேயர் படகை நேரில் சோதித்துத் தருவது. இன்சூரன்ஸ் கட்டாயம். ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்றிதழ் கட்டாயம். எத்தனை பேரை ஏற்றலாம் என்பதும் இந்தச் சோதனையில்தான் முடிவாகும். படகின் உரிமையாளரோ, டிக்கெட் கிழிப்பவரோ, 'இன்னும் ரெண்டு பேர்தானே சார்' என்பவரோ முடிவு செய்கிற விஷயம் அல்ல அது.

இது போக, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-லேயே படகுப் பாதுகாப்புக்கென்று தனி வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. தானூர் விபத்துக்குப் பிறகு கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. எனவே காகிதத்தில் குறை சொல்ல பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆனால் சர்வேயர் படகைப் பார்ப்பது சான்றிதழ் தருகிற அன்று. ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்கு, கடைசி ட்ரிப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்க்க அவர் அங்கே நிற்கப் போவதில்லை. அந்த நேரத்தில் துறையில் நின்று எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரே ஆள், டிக்கெட் வாங்கிய நீங்கள்தான். அதனால்தான் இந்தக் கட்டுரை சட்டத்தின் பிரிவுகளைவிட, ஏறுவதற்கு முன் கண்ணால் பார்க்கக்கூடியவற்றைப் பற்றி அதிகம் பேசுகிறது.

படகின் பக்கவாட்டில் பதிவு எண் எழுதியிருக்கிறதா? எத்தனை பேர் ஏறலாம் என்ற எண் பார்வையில் படுகிறதா? இரண்டையும் போனில் போட்டோ எடுத்து, கரையில் இருக்கிற சொந்தக்காரருக்கோ வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். பத்து செகண்டு வேலை. விபத்து என்று ஒன்று நடந்தால் மீட்புப் படையினர் கேட்கும் முதல் கேள்வி 'படகில் எத்தனை பேர் இருந்தீங்க?' என்பதுதான். பல விபத்துகளில் அதற்கு மணிக்கணக்கில் பதில் கிடைப்பதில்லை.

எண் எழுதவே இல்லையா? வேறு படகைப் பாருங்கள். சண்டை போட வேண்டாம், ஏறாமல் இருந்தால் போதும்.

ஜெட் ஸ்கி: பயந்தால் பாதை மாறாத வண்டி

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'ஜெட் ஸ்கி' என்பது கவாசாகி நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்த வண்டியின் பிராண்டு பெயர். யமஹாவின் வண்டிக்குப் பெயர் 'வேவ்ரன்னர்', இன்னொரு பிரபல பிராண்டு 'சீ-டூ'. நம்ம ஊரில் எல்லா ஜெராக்ஸும் ஜெராக்ஸ் ஆன மாதிரி, எல்லாமே ஜெட் ஸ்கி ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் சில இடங்களில் 'வாட்டர் ஸ்கூட்டர்' என்றும் சொல்கிறார்கள்.

ஸ்கூட்டர் என்ற அந்தப் பெயரில்தான் ஆபத்தே இருக்கிறது. பார்க்க ஸ்கூட்டர் மாதிரி, ஹேண்டில்பார், சீட், ஆக்சிலரேட்டர் எல்லாம் இருக்கும். ஓட்டத் தெரியும் என்று நாமே நினைத்துக்கொள்வோம். ஆனால் அடியில் நடப்பது வேறு. சக்கரமும் இல்லை, வெளியே சுற்றும் விசிறியும் இல்லை. வண்டியின் அடிவயிற்றில் ஒரு சல்லடை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் இம்பெல்லர் என்ற விசிறியால் அழுத்தி, பின்பக்கக் குழாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். அந்தப் பீய்ச்சலின் எதிர்விசைதான் வண்டியை முன்னால் தள்ளுகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டியூபை முழு வேகத்தில் திறந்துவிட்டால் அது கையைப் பின்னால் தள்ளுமே, அதேதான்.

நாம் ஹேண்டில்பாரைத் திருப்பும்போது திரும்புவது அந்தப் பின்பக்கக் குழாய்தான். தண்ணீர் இடப்பக்கமாகப் பீய்ச்சினால் வண்டி ஒரு பக்கம் திரும்பும், வலப்பக்கமாகப் பீய்ச்சினால் மறுபக்கம். இங்கேதான் கவனிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டால் பீய்ச்சல் நிற்கும். பீய்ச்சல் நின்றால் ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் முறுக்கினாலும் வண்டி திரும்பாது. போன திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும்.

எதிரே திடீரென்று ஒரு படகு வருகிறது. ரோட்டில் வண்டி ஓட்டிப் பழகிய கை என்ன செய்யும்? ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு ஹேண்டிலை ஒடிக்கும். சாலையில் அது சரியான செயல். தண்ணீரில் அதுவே நேராக மோதவைக்கும். ஜெட் ஸ்கியில் தப்பிக்க வேண்டுமானால், திரும்பும் அளவுக்காவது ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். பயந்த மனுஷனுக்கு வேகத்தைக் கூட்டத் தோன்றாது. பழக்கம் இருந்தால்தான் வரும்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998-லேயே ஜெட் ஸ்கி விபத்துகளை ஆராய்ந்து இதைச் சொல்லிவிட்டது. அந்த ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. மற்ற உல்லாசப் படகுகளில் பெரும்பாலானோர் மூழ்கி இறக்கிறார்கள். ஜெட் ஸ்கியில் அதிகம் பேர் இறப்பது மோதிய அடியால். அதாவது லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் மோதலில் இருந்து அது காப்பாற்றாது.

பிரேக்கே வரவில்லையா? வந்திருக்கிறது. சீ-டூ நிறுவனம் 2009-ல் பிரேக் வைத்த மாடலைக் கொண்டுவந்தது. பீய்ச்சும் தண்ணீரை ஒரு தகடு மறித்து முன்பக்கமாகத் திருப்பிவிடும், வண்டி வேகம் குறையும். வேறு நிறுவனங்களும் பிறகு அந்த வழிக்கு வந்தன. ஆனால் கடற்கரையில் பத்து நிமிஷ சவாரிக்கு வாடகைக்கு விடும் பழைய வண்டிகளில் அது இருக்கும் என்று நம்பி ஏற வேண்டாம். 'பிரேக் இருக்கா அண்ணா?' என்று கேட்டுவிட்டே ஏறுங்கள்.

வேகக் கணக்கையும் பார்த்துவிடலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு செகண்டில் 22 மீட்டர் போகும். கண்ணால் பார்த்து, மூளைக்கு உறைத்து, கை அசைய ஒன்றரை செகண்டு என்று வைத்தால், அதற்குள் 33 மீட்டர் தாண்டியிருக்கும். பெரிய மாடல்கள் 100 கிலோமீட்டரையும் தாண்டி ஓடும். தண்ணீரில் நீந்திக்கொண்டிருப்பவரின் தலை மட்டும்தான் வெளியே தெரியும். அதுவும் அலைக்கு நடுவில், எதிர்வெயிலில், ஒரு தேங்காய் அளவுக்கு.

பின்சீட்டில் உட்காருபவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம்

கொஞ்சம் சங்கடமான விஷயம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். வண்டி திடீரென்று வேகமெடுக்கும்போது பின்சீட்டில் இருப்பவர் பின்னால் சரிந்து, சரியாக அந்தப் பீய்ச்சலின் நேர் எதிரே விழ வாய்ப்பு அதிகம். அத்தனை அழுத்தத்தில் வரும் தண்ணீர், ஆசனவாய் வழியாகவும் பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாகவும் உள்ளே புகுந்து உள்ளுறுப்புகளைக் கிழித்துவிடும். சாதாரண ஷார்ட்ஸ், நீச்சல் உடை, லெக்கின்ஸ் எதுவும் இதைத் தடுக்காது. அதனால்தான் கெட்டியான வெட்சூட் கால்சட்டை போட வேண்டும் என்று தயாரிப்பாளர்களே வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள். அந்த ஸ்டிக்கரை யார் படிக்கிறார்கள்?

வெட்சூட் தரமாட்டார்கள் என்றால் குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள். ஓட்டுபவரை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், திடீர் வேகம் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், எழுந்து நிற்காதீர்கள். கால் இரண்டும் கால் வைக்கும் குழிக்குள் எட்டாத குழந்தையை ஏற்றவே ஏற்றாதீர்கள். ஓட்டுபவருக்கு முன்னால் குழந்தையை உட்காரவைப்பது அதைவிட மோசம். மோதினால் ஹேண்டில்பாருக்கும் பெரியவரின் உடம்புக்கும் நடுவே குழந்தை நசுங்கும்.

துப்பட்டா, புடவைத் தலைப்பு, விரித்துவிட்ட தலைமுடி, தொங்கும் கயிறு எதுவும் வண்டியின் அடிப்பக்கத்துக்கோ பின்பக்கத்துக்கோ போகக் கூடாது. தண்ணீரை உறிஞ்சும் சல்லடை அதையும் சேர்த்து உறிஞ்சும். ஏதாவது சிக்கிவிட்டால் என்ஜினை அணைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். வண்டி இடுப்பளவு தண்ணீருக்கு வந்த பிறகு ஸ்டார்ட் செய்வதும் இதனால்தான். ஆழம் குறைந்த இடத்தில் மணலையும் கல்லையும் உறிஞ்சி, பின்னால் நிற்பவர் மீது வாரி அடிக்கும்.

மணிக்கட்டில் அல்லது ஜாக்கெட்டில் மாட்டச் சொல்லி ஒரு சுருள் கயிறு கொடுப்பார்கள். 'இது எதுக்கு, தொந்தரவு' என்று கழற்றி ஹேண்டிலில் மாட்டுபவர்கள் உண்டு. நீங்கள் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்சின் கயிறு அது. மாட்டாமல் விழுந்தால் வண்டி தானாகப் போகும், யார் மீதாவது ஏறும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான என்ஜின் படகுகளில் இந்த வகை இணைப்பை மாட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் சட்டம்.

'ஜெட் ஸ்கி கப்பலே இல்லை' என்ற தீர்ப்பு

ஜெட் ஸ்கியை எந்தச் சட்டத்தில் அடக்குவது என்று வளர்ந்த நாடுகளே திணறியிருக்கின்றன. இங்கிலாந்தில் ஜெட் ஸ்கி ஓட்டி இன்னொருவரைப் படுகாயப்படுத்தியவர் மீது கப்பல் சட்டத்தின் கீழ் வழக்கு போட்டார்கள். 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 'ஜெட் ஸ்கி ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்கான கலன் அல்ல, எனவே அது கப்பல் என்ற வரையறைக்குள் வராது' என்ற ரீதியில் முடிவெடுத்தது. வழக்கு நிற்கவில்லை. இந்த ஓட்டையை அடைக்க 2023 வரை ஆனது. அந்த ஆண்டு மார்ச் 31 முதல் அமலான புதிய ஆணைப்படி, ஜெட் ஸ்கியை ஆபத்தாக ஓட்டினால் அங்கே 2 ஆண்டு வரை சிறை.

ஆஸ்திரேலியாவின் சிட்னி வேறு வழியில் போனது. நகரின் நடுவே இருக்கும் சிட்னி துறைமுகத்திலும் அதில் வந்து சேரும் ஆறுகளிலும் ஜெட் ஸ்கிக்கே 2001 முதல் தடை. ஓபரா ஹவுஸ் முன்னால் பயணிகள் ஃபெர்ரி, பாய்மரப் படகு, கயாக் என்று எல்லாம் ஓடும்; ஜெட் ஸ்கி மட்டும் வராது. அந்த மாநிலத்தின் மற்ற நீர்நிலைகளில் ஓட்டலாம். ஆனால் தனி லைசென்ஸ் வேண்டும், பதிவு எண் வேண்டும், லைஃப் ஜாக்கெட் எப்போதும் வேண்டும், சூரியன் மறைந்தபின் ஓட்டக் கூடாது. நீந்துபவர்களிடம் இருந்து 60 மீட்டர் தள்ளித்தான் வேகமெடுக்க முடியும். மேலே போட்ட கணக்கை வைத்துப் பாருங்கள், 60 மீட்டர் என்பது 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று செகண்டுகூட இல்லை. அளவுக்கு அதிகமான கட்டுப்பாடு என்று தோன்றலாம். கணக்குப்படி அது குறைந்தபட்சம்தான்.

குடித்துவிட்டு ஓட்டுவதற்கும் அங்கே கார் ஓட்டுவது போலவே ரத்தத்தில் 0.05 என்ற அளவு வைத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் 'போட்ல என்ன சார், டிராஃபிக்கா இருக்கு?' என்று ஒரு பீரோடு ஏறுபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். வெயில், காற்று, என்ஜின் அதிர்வு, தண்ணீரின் ஆட்டம் எல்லாம் சேரும்போது போதை கரையில் இருப்பதைவிட வேகமாக ஏறும்.

தண்ணீரில் இடதா, வலதா?

நீங்களே ஓட்டுவதாக இருந்தால் இது முக்கியம். இந்தியாவில் சாலையில் இடதுபக்கம் போகிறோம். தண்ணீரில் தலைகீழ், வலதுபக்கம். உலகம் முழுக்கக் கப்பல்களுக்கும் படகுகளுக்கும் பொதுவாக இருக்கும் 1972-ம் ஆண்டு மோதல் தடுப்பு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. குறுகலான கால்வாயில் வலது ஓரமாகப் போக வேண்டும். இரண்டு என்ஜின் படகுகள் நேருக்கு நேர் வந்தால், இருவரும் வலதுபக்கம் ஒதுங்க வேண்டும். குறுக்கே வந்தால், உங்கள் வலதுபக்கத்தில் இருந்து வரும் படகுக்கு நீங்கள் வழிவிட வேண்டும். முந்துபவர்தான் விலகிப் போக வேண்டும், முன்னால் போகிறவர் அல்ல.

நம்ம ஊர் ஆளுக்கு எதிரே வண்டி வந்தால் கை தானாக இடதுபக்கம் ஒடிக்கும். எதிரே வருபவர் விதி தெரிந்து வலதுபக்கம் ஒதுங்கினால், இருவரும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேருவார்கள். எனவே ஹேண்டிலைப் பிடிக்கும் முன் 'வலது, வலது' என்று இரண்டு முறை சொல்லிக்கொள்வது அசட்டுத்தனம் இல்லை.

துடுப்புப் படகு, பெடல் படகு, கட்டுமரம், வலை போட்டிருக்கும் மீனவர் என்று யாரைக் கண்டாலும் வேகத்தைக் குறைத்துத் தள்ளிப் போங்கள். நீங்கள் எழுப்பும் அலைக்கு நீங்கள்தான் பொறுப்பு. உங்களுக்கு அது ஜாலியான அலை. பெடல் படகில் குழந்தையோடு இருப்பவருக்கு அது கவிழ்க்கும் அலை.

லைஃப் ஜாக்கெட்: போட்டால் போதாது, பூட்ட வேண்டும்

அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒவ்வொரு ஆண்டும் படகு விபத்துக் கணக்கு வெளியிடுகிறது. 2023-ல் அங்கே உல்லாசப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்தவர்களில் 75 சதவீதம் பேர் மூழ்கி இறந்தவர்கள். அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் போடவில்லை. ஜாக்கெட்டின் அருமைக்கு வேறு சாட்சி தேவையில்லை.

நம்ம ஊரில் ஜாக்கெட் தருகிறார்கள். ஆனால் எப்படிப் போடுகிறோம்? வேர்க்கிறது என்று முன்பக்கம் திறந்துவிட்டு, சட்டை மாதிரி தொங்கவிடுகிறோம். தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே மிதக்கும், ஆள் கீழே நழுவிவிடுவார். பக்கிள் எல்லாவற்றையும் பூட்டி, வாரை இறுக்கிய பிறகு, பக்கத்தில் இருப்பவரை ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதைத் தாண்டி ஏறினால் அது உங்கள் சைஸ் இல்லை, அல்லது இறுக்கவில்லை.

குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு 'சேஃப்' என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. தலை வழியாகக் கழன்றுவிடும். குழந்தை ஜாக்கெட்டில் கால்களுக்கு நடுவே வரும் ஒரு வார் இருக்க வேண்டும். அந்த சைஸ் அங்கே இல்லை என்றால், குழந்தை அழுதாலும் அந்த சவாரி வேண்டாம். கைக்குழந்தையை மடியில் வைத்து 'நான் பிடிச்சுக்கிறேன்' என்பதும் வேலைக்காகாது. கவிழும்போது உங்கள் கை எதையாவது பிடிக்கத் தேடும்.

வாங்கும்போதே ஜாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். துணி கிழிந்து உள்ளிருக்கும் ஃபோம் நொறுங்கியிருந்தால், பக்கிள் உடைந்து கயிற்றால் முடிந்திருந்தால், வேறு கேளுங்கள். சீட்டுக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கும் ஜாக்கெட்டும் கணக்கில் சேராது. படகு கவிழும் அந்தச் சில செகண்டில் அதை எடுத்து மாட்ட முடியாது. மும்பை விபத்தில் தப்பியவர்கள் பலர், மோதலுக்கு முன் தாங்கள் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை என்றுதான் சொன்னார்கள்.

நீச்சல் தெரியுமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிணற்றில் நீந்துவது வேறு. ஜீன்ஸும் ஷூவும் போட்டு, தலையில் அடிபட்டு, பக்கத்தில் இருப்பவர் கழுத்தைப் பிடித்துத் தொங்கும்போது நீந்துவது வேறு.

கவிழ்ந்துவிட்டால்?

படகை விட்டு விலகாதீர்கள். மரப் படகும் ஃபைபர் படகும் கவிழ்ந்த பிறகும் பெரும்பாலும் மிதக்கும். கரை பக்கத்தில் தெரிந்தாலும் நீந்திப் போக முயல வேண்டாம், தண்ணீரில் தூரம் குறைவாகத் தெரிவது கண்ணின் ஏமாற்று வேலை. கவிழ்ந்த படகை மீட்புப் படையால் தூரத்தில் இருந்தே பார்க்க முடியும். தனியாக நீந்தும் ஒரு தலையைப் பார்ப்பது கஷ்டம். மூடிய கேபினுக்குள் அல்லது கீழ்த்தளத்தில் இருந்தால் மட்டும் முதலில் வெளியே வர வேண்டும். அதனால்தான் ஏறியதும் வெளியேறும் வழி எது என்று ஒரு பார்வை பார்த்துவைப்பது நல்லது.

முட்டுக்காடு மாதிரி முகத்துவாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். அலை இறங்கும் நேரத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும். அந்த இழுப்பை எதிர்த்து நீந்தினால் களைப்புதான் மிஞ்சும். மிதந்துகொண்டு, பக்கவாட்டில் ஒதுங்கப் பாருங்கள்.

கரையில் இருப்பவர்கள் அவசர எண் 112-க்கு உடனே அழைக்க வேண்டும். கடலோரம் என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554, தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. இடம், படகின் எண், எத்தனை பேர் என்ற மூன்றையும் சொல்லுங்கள். முன்பே எடுத்து அனுப்பிய போட்டோ இங்கேதான் கைகொடுக்கும்.

பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நேராகக் குதிப்பவர்கள்தான் பல விபத்துகளில் அடுத்த பலி ஆகிறார்கள். மூழ்குபவர் பிடித்தால் விடமாட்டார். கயிறு, கம்பு, முடிச்சுப் போட்ட புடவை என்று எது கிடைத்தாலும் வீசி இழுங்கள். காலியான 20 லிட்டர் தண்ணீர் கேனின் மூடியை இறுக்கி அவர் பக்கமாகத் தூக்கிப் போடலாம். படகு குழாம் வாசலில் இருக்கும் எந்த டீக்கடையிலும் அது கிடைக்கும், ஒரு பெரியவரின் தலையைத் தண்ணீருக்கு மேல் வைத்திருக்கவும் அது தாங்கும்.